அதிகாரியின் கையெழுத்து அந்தரங்கமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) பிரிவு 8(1)(ஜே) இப்போது சில சொற்களில் முடிந்துவிடுகிறது. 'தனிப்பட்ட தகவல் தொடர்பானது' என்றால் தர வேண்டியதில்லை. அவ்வளவுதான். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 44(3) செய்த வேலை இது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம் தரவைக் கையாளும் நிறுவனங்களும் அரசுத் துறைகளும் நமக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் பெரும்பாலானவற்றுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆர்டிஐ-யில் கத்தி வைத்த பிரிவுக்கு மட்டும் ஒரு நாள் அவகாசம்கூட இல்லை. அறிவிக்கை வெளியான உடனேயே அமலுக்கு வந்துவிட்டது.

பழைய பிரிவு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் எதை இழந்தோம் என்பது புரியும். தகவல் தனிப்பட்டது என்பது மட்டுமே மறுப்பதற்குப் போதாது. அதற்கும் பொதுப்பணிக்கும் பொதுநலனுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது, அல்லது வெளியிட்டால் ஒருவரது அந்தரங்கத்தில் நியாயமில்லாமல் தலையிடுவதாக ஆக வேண்டும். அப்படியே ஆனாலும், பெரும் பொதுநலன் இருக்கிறது என்று, மனுக்களுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலர் கருதினால் தரலாம். இத்தனைக்கும் மேலாக ஒரு காப்பு வாசகம் இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது. சாதாரணக் குடிமகனைச் சட்டமன்ற உறுப்பினருக்குச் சமமாக உட்கார வைத்த வாசகம் அது. அதையும் சேர்த்தே நீக்கிவிட்டார்கள்.

இதனால் நடைமுறையில் என்ன ஆகும்? ஒரு சாலைப் பணியின் அளவுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். பொறியாளர்கள் எம்-புக் என்பார்கள். அதில் பணியின் பெயர், மதிப்பீட்டு எண், ஒப்பந்ததாரர் பெயர், அளவெடுத்த தேதி, நீளம், அகலம், கனம், கன அளவு எல்லாம் இருக்கும். கீழே அளவெடுத்த பொறியாளரின் கையெழுத்து, அதைச் சரிபார்த்த மேலதிகாரியின் கையெழுத்து. ஜல்லி ஆறு மாதத்தில் பெயர்ந்துவிட்டது, யார் அளந்தார், யார் சரிபார்த்தார் என்று கேட்டால் இனி 'பெயரும் கையெழுத்தும் தனிப்பட்ட தகவல்' என்று பதில் வரலாம். 'தனிப்பட்ட தகவல்' என்றால் என்ன என்று ஆர்டிஐ சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையைக் கடன் வாங்கினால், ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவும் அதற்குள் வந்துவிடும். பெயர்களை மறைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மிஞ்சுவது எண்கள்தான். அந்த எண்களுக்குப் பொறுப்பாளி யாருமில்லை.

நலத்திட்டப் பயனாளிகள் பட்டியலும் அப்படித்தான். 1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய மக்கள் விசாரணைகளிலிருந்துதான் இந்தச் சட்டத்துக்கான போராட்டமே வலுப்பெற்றது. வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலை ஊர்கூடி உரக்க வாசித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி, வெளியூர் போனவர் பெயரில் கூலி என்று ஒவ்வொன்றாக வெளிவந்தது. பெயர் இருந்ததால்தான் 'நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே' என்று ஒருவரால் எழுந்து நின்று சொல்ல முடிந்தது. பெயரில்லாத பட்டியலை வைத்து எந்தச் சமூகத் தணிக்கையும் செய்ய முடியாது.

இதற்காக அந்தரங்கம் என்பதே அரசின் சாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப் பேசும் ஆர்டிஐ ஆர்வலர்கள் சிலரோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. ஓய்வூதியம் வாங்கும் மூதாட்டியின் கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இணையத்தில் கிடந்தால் மோசடிக்காரர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்ணின் புது முகவரி ஒரு அரசுப் பட்டியலில் கசிந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிடுவதை ஆதார் சட்டத்தின் பிரிவு 29(4) தடை செய்கிறது. அப்படியிருந்தும் அரசு இணையதளங்களிலேயே அவை வெளியான நாள்கள் உண்டு. ஆர்டிஐ மனுதாரரின் வீட்டு முகவரியை இணையத்தில் ஏற்றுவதும் இதே வகைக் குற்றம்தான். மணல், கல்குவாரி பற்றிக் கேள்வி கேட்டவர் எங்கே குடியிருக்கிறார் என்று ஊருக்கே காட்டிக்கொடுக்கிற வேலை அது. அஞ்சல் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-லேயே சொல்லியிருக்கிறது.

ஆகவே அந்தரங்கம் வேண்டும். யாருக்கு, எதற்கு என்பதில்தான் சண்டை. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த அரசுப் பணி ஒருவரின் அந்தரங்கம் ஆகாது. அவரது ரத்தச் சர்க்கரை அளவு அந்தரங்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய மங்கலான பகுதி இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை, சொத்து விவரம், சாதிச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ் எல்லாம் அந்தப் பகுதியில் வருபவை. அங்கேதான் தராசு தேவைப்படுகிறது. பழைய 8(1)(ஜே) அந்தத் தராசாகத்தான் இருந்தது.

அது எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு வழக்கு போதும். மகாராஷ்டிர முன்னாள் அமைச்சர் ஒருவருக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக ஒரு மாதச் சிறை. அந்த ஒரு மாதத்தில் கணிசமான நாள்களை அவர் மருத்துவமனையில் கழித்தார். அவரது மருத்துவப் பதிவுகளை ஒருவர் ஆர்டிஐ-யில் கேட்டார். மருத்துவப் பதிவைவிட அந்தரங்கமானது வேறென்ன இருக்கிறது? ஆனாலும் தரலாம் என்று 2007-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் கேட்டால் மறுக்க முடியுமா என்ற அந்தக் காப்பு வாசகத்தையே முக்கிய அளவுகோலாக எடுத்துக்கொண்டது. சாதாரணக் கைதி ஒருவரின் நோய் விவரத்தை இப்படி வெளியிடச் சொன்னால் நானே எதிர்ப்பேன். இங்கே கேள்வி, தண்டனையை உண்மையில் அனுபவித்தாரா என்பது. இன்றைய பிரிவின் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டால் இந்த இரண்டு பேருக்கும் வித்தியாசமே கிடையாது.

பழைய பிரிவு குறையில்லாமல் இருந்ததா என்றால் இல்லை. 2012-ல் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில், அரசு ஊழியரின் குறிப்பாணைகள், சொத்து விவரம், வருமான வரிக் கணக்கு எல்லாம் தனிப்பட்ட தகவல் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்த இரண்டாம் பாதியைப் பல அலுவலகங்கள் படிக்கவே இல்லை. தீர்ப்பின் பெயரை மட்டும் அச்சடித்து மறுப்புக் கடிதம் அனுப்பினார்கள். 2019-ல் தலைமை நீதிபதி அலுவலகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமை, அறியும் உரிமை இரண்டையும் எடைபோட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. கட்சிகளுக்குப் பெயர் தெரியாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் பற்றி 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. நன்கொடை தருபவரின் அரசியல் சார்பு அவரது அந்தரங்கத்துக்குள் வரும் என்று ஏற்றுக்கொண்டது. வாக்காளரின் அறியும் உரிமையையும் ஏற்றது. இரண்டு பக்கமும் எடைபோட்டுப் பார்த்துத்தான் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது.

உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது, அதற்கு இசைவாகத்தான் திருத்தினோம் என்பது அரசின் வாதம். அந்தத் தீர்ப்பே அந்தரங்கத்தை முழுமுற்றான உரிமை என்று சொல்லவில்லை. சட்டத்தின் அடிப்படை, நியாயமான நோக்கம், நோக்கத்துக்கு ஏற்ற அளவு என்று சோதிக்கச் சொல்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக 2018-ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவும் 8(1)(ஜே)-யைத் திருத்தத்தான் சொன்னது. ஆனால் தரவு உரியவருக்கு நேரக்கூடிய பாதிப்பு பொதுநலனைவிட மிகும்போது மட்டுமே மறுக்கலாம் என்று எழுதியிருந்தது. அந்த வரைவு கையில் இருந்தும் எடைபோடும் பகுதியை முழுக்க நீக்கியதற்கு ஏற்கத்தக்க காரணம் எதையும் நான் இதுவரை கேட்கவில்லை.

'பிரிவு 8(2) அப்படியே இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது, உண்மைதான். 1923-ம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டத்தில் என்ன இருந்தாலும், 8(1)-ல் எந்த விலக்கு இருந்தாலும், வெளியிடுவதன் பொதுநலன் பாதிப்பைவிட அதிகம் என்றால் தகவலை அனுமதிக்கலாம் என்கிறது அது. நல்ல பிரிவு. ஆனால் அதிகாரம் 'பொது அதிகார அமைப்பு' கையில் இருக்கிறது. அந்த அமைப்பில் யார் முடிவெடுப்பது என்று சட்டம் சொல்லவில்லை. பழைய (ஜே)-யில் மேசையில் இருக்கும் தகவல் அலுவலரே எடைபோட்டுத் தரலாம். இனி அவர் கோப்பை மேலே அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். தந்தால் சிக்கல் வரலாம், மறுத்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது என்பது அவர் நிலை. நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்ற ஆர்டிஐ அபராதம் அலுவலருக்கு விதிக்கப்படுவது அபூர்வம். தரவுச் சட்டத்தின் 250 கோடி அபராதம் தன் தலையில் விழும் என்று பயப்படும் அலுவலர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குப் போட முடியாது என்று ஆர்டிஐ பிரிவு 21 பாதுகாப்புத் தருகிறது.

இரகசியச் சட்டத்தின் கதை இன்னும் பழையது. 'இரகசியம்' என்றால் என்ன என்று அதில் வரையறையே இல்லை. பிரிவு 5 தகவலைக் கொடுத்தவரை மட்டுமல்லாமல் வாங்கியவரையும் பிடிக்கும். அதை ரத்து செய்துவிட்டு, நாட்டின் பாதுகாப்புக்கு வேண்டியதை மட்டும் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் வைக்கலாம் என்று இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006-ல் பரிந்துரைத்தது. நடக்கவில்லை. ஆனால் ஆர்டிஐ-யின் பிரிவு 22 அதற்கு மேலே நிற்கிறது. கோப்பில் 'இரகசியம்' என்று முத்திரை இருப்பது மறுப்பதற்கான காரணம் ஆகாது. 8(1)-ன் எந்தக் கூறின்கீழ் வருகிறது என்று அலுவலர் சொல்லியாக வேண்டும். 2019 ஏப்ரலில் ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில், 'தி இந்து' வெளியிட்ட ஆவணங்களைப் பார்க்கவே கூடாது என்ற அரசின் ஆட்சேபத்தை உச்ச நீதிமன்றம் தள்ளியபோது இந்தப் பிரிவுகளையும் எடுத்துப் பேசியது. 2023-ல் மலையாளச் செய்தித் தொலைக்காட்சியான மீடியா ஒன் வழக்கில், தேசப் பாதுகாப்பு என்று வெறுமனே சொல்லி நீதிமன்றத்திடம் மூடிய உறையை நீட்டினால் போதாது என்றது. விசாரணை நடக்கிறது என்ற காரணமும் அப்படித்தான். தகவல் தந்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. இரகசியத்தில் இவ்வளவு தூரம் அளந்து பார்க்கக் கற்றுக்கொண்டபின், அந்தரங்கம் என்ற பெயரில் பழைய கதவை மறுபடி பூட்டுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சட்டம் மாறும்வரை மனு எழுதுபவர்கள் செய்ய வேண்டியவை சில. 'இன்னாரைப் பற்றிய எல்லா விவரமும் தருக' என்று கேட்காதீர்கள். அது நேராக (ஜே)-யில் போய் விழும். ஆளைக் கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள்: பணியின் பெயர், ஆண்டு, அளவுப் புத்தகப் பக்கங்கள், பில் தொகை வழங்கிய ஆணை, அளவெடுத்தவர் வகித்த பதவி. அதோடு, 'ஆதார் எண், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரி இருந்தால் பிரிவு 10-ன்படி மறைத்துவிட்டு மீதியைத் தருக' என்று நீங்களே எழுதிவிடுங்கள். அந்தரங்கம் என்று சொல்ல இடமே இருக்காது.

காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) சொல்கிறது. இருந்தாலும் இப்போது இரண்டு வரி பொதுநலனைச் சொல்வது புத்திசாலித்தனம். 'எந்த விலக்கு பொருந்துவதாகக் கருதினாலும் 8(2)-ன்படி எடைபோட்டுக் காரணத்தோடு ஆணையிடுக' என்று கேட்டால், பின்னால் மேல்முறையீட்டில் 'அவர்கள் எடைபோடவே இல்லை' என்று வாதாட ஆதாரம் கிடைக்கும். தகவலோடு தொடர்புடைய மூன்றாம் நபர் ஆட்சேபிக்கிறார் என்று பதில் வந்தால் பயப்பட வேண்டாம். பிரிவு 11-ன்படி ஐந்து நாளில் அவருக்கு அறிவிப்பு, பத்து நாளில் அவரது கருத்து, நாற்பது நாளுக்குள் முடிவு. அவரது கருத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அந்தப் பிரிவின் காப்பு வாசகத்திலும் பொதுநலனை எடைபோடும் வரி உண்டு. திருத்தம் அதைத் தொடவில்லை. பலரும் இதைக் கவனிப்பதில்லை. இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு என்றால் பிரிவு 8(3) இருக்கிறது. அங்கே (ஜே) விலக்கைக் காட்டி மறுக்க முடியாது.

மறுப்பு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் முடிவுக்குப் பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு பிரிவு 19(5)-ன்படி அலுவலருடையது, உங்களுடையதல்ல. ஆணையத்தில் உங்கள் ஒரு மனுவுக்கான நகலோடு நின்றுவிடாதீர்கள். மானியத் திட்டப் பயனாளிகள் விவரத்தையும், சலுகை, அனுமதி பெற்றவர்கள் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4(1)(பி) கட்டளையிடுகிறது. சட்டப்படி வெளியிட வேண்டிய கடமையால் வெளியிடும் தரவுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் பிரிவு 3(சி)-யே சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டி, அந்த வகைத் தகவல் முழுவதையும் துறை தானாகவே வெளியிட 19(8)(ஏ)-யின்கீழ் உத்தரவிடுமாறு கேளுங்கள்.