60 டொலர் குடுத்து என்ர றேடியோவை நாசமாக்கின கதை

என்ர சிபி றேடியோவின்ர, அதுதான் ட்ரக்காரர் ஓடேக்க ஆளுக்காள் கதைக்கிற றேடியோவின்ர, அடித்தகட்டைக் கழட்டிப் போட்டு நானும் மாமாவும் குனிஞ்சு பாத்துக்கொண்டிருந்தம். வரிசையா நிக்கிற சின்னச் சின்ன சாமானுகளுக்குள்ள ஒரு மூண்டுகால் ரான்சிஸ்டர் மட்டும் சரிஞ்சு கிடந்தது. ஒரு காலை வெட்டி நிமித்தி விட்டிருக்கிறாங்கள். வெட்டின முனை இன்னும் பளபளக்குது. நகவெட்டியால வெட்டின மாதிரி ஒரேயொரு வெட்டு. அதுக்குத்தான் நான் 60 அமெரிக்க டொலர் எண்ணிக் குடுத்துப் போட்டு, "தாங்ஸ்" வேற சொல்லிப்போட்டு வந்தனான்.

எனக்கு வந்த விசரைச் சொல்லி முடிக்கேலாது.

நான் ட்ரக் ஓடுறவன். கனடாவில, மிசிசாகாவில லோட் ஏத்தி, 401 ஹைவே பிடிச்சு, வின்சர் பாலத்தால அமெரிக்காவுக்குள்ள போய், 75-ஆம் ஹைவேயால இறங்கி ஒஹாயோ. கிழமைக்கு ரெண்டு தரம். "போன் இருக்கு, வழி காட்டுற மப் இருக்கு, இன்னும் என்ன சிபி றேடியோ?" எண்டு வீட்டில கேக்கினம். ஒன்ராறியோ லண்டனுக்கும் வின்சருக்கும் இடையில ஜனவரியில ஒருக்கா ஓடிப் பாக்கச் சொல்லுங்கோ. பனி அடிச்சுதெண்டால் பொனெற்றுக்கு அங்கால ஒண்டும் தெரியாது. 1999 செப்டெம்பர் 3, வின்சருக்குக் கிட்ட விடிய மூடுபனிக்குள்ள 87 வாகனங்கள் ஒண்டோடை ஒண்டு மோதி 8 பேர் செத்தது இதே 401-இலதான். போன் மப்பில சிவப்புக் கோடு வர முதல், "வலது லேனில ட்ரெய்லர் மடிஞ்சு நிக்குது, இடது பக்கம் எடு" எண்டு ட்ரக்காரர் எல்லாரும் கேக்கிற 19-ஆம் சனலில ஒருத்தன் கத்துவான். முன்னுக்குப் போறவன்ர கண்ணை எனக்குக் கடனாத் தாற சாமான் அது.

அதால நவம்பரில ஒரு புது றேடியோ வாங்கினன். என்ர பழைய 'கோப்ரா 29' றேடியோ வயசு போய் வொல்யூம் திருக்கினால் கரகரக்கத் துவங்கியிருந்தது. புதுசு நல்ல வடிவு. ஏழு நிற வெளிச்சம், பெரிய மீற்றர். பழைய அன்ரனா வயரிலயே கொழுவினன். கேக்கிறது பரவாயில்லை, ஆனால் நான் கதைக்கிறது ரெண்டு மைலுக்கு அங்கால ஒருத்தருக்கும் விளங்கேல்லை.

யார்டில ரெண்டு அண்ணைமாரிட்டைக் கேட்டன். ரெண்டு பேரும் ஒரே மந்திரம்: "தம்பி, கடையில இருந்து வாற றேடியோவெல்லாம் பவரை அமத்தித்தான் வரும். 'பீக் அன் ட்யூன்' பண்ணு, உள்ளுக்குத் திருக்கிப் பவரைக் கூட்டி விடுவாங்கள்." அதில ஒரு அண்ணை சொல்லேக்க முகத்தில ஒரு பெருமிதம். அவர்ர றேடியோ 30 வாட் அடிக்குதாம்.

எல்லையத் தாண்டி ஒரு ட்ரக் ஸ்டொப்பில ஒரு சிபி கடை. இருபது நிமிசம். திருகாணியால ரெண்டு மூண்டு இடத்தில திருக்கினான், குறடு ஒண்டை எடுத்தான், ஏதோ ஒண்டை வெட்டினான். பிறகு மீற்றரில கொழுவி "ஹலோவ்வ்வ்" எண்டு கத்திக் காட்டினான். முள்ளு 25 வாட்டுக்குத் துள்ளுது. "பாத்தியா?" எண்டான். பாத்தன். பல்லைக் காட்டிக்கொண்டு பாத்தன், மடையன் மாதிரி.

இப்ப விளங்கினதைச் சொல்லுறன், ஒருத்தரும் எனக்கு அப்ப சொல்லேல்லை. கனடாவிலயும் சரி அமெரிக்காவிலயும் சரி ஏ.எம்.-இல சிபிக்கு 4 வாட்தான் சட்டம். அது நாங்கள் ஒண்டும் கதைக்காமல் மைக்கை அமத்தினால் போற பவர். குரல் முழுசா ஏறேக்க, உச்சத்தில மின்னழுத்தம் ரெண்டு மடங்காகும். அப்ப பவர் நாலு மடங்கு. அதாவது ஒண்டும் நோண்டாத, பெட்டியில இருந்து எடுத்த றேடியோவே உச்சத்தில 16 வாட் காட்டும், உச்சத்தை அளக்கிற மீற்றர் எண்டால்! அதை ஒருத்தரும் சொல்லுறேல்லை. நோண்ட முதல் சாதாரண மீற்றர், நோண்டின பிறகு உச்சம் காட்டுற மீற்றர். 4 எங்கை, 25 எங்கை எண்டு வாயைப் பிளக்கிறம். இதுக்குப் பேர் பேய்க்காட்டல்.

சரி, உண்மையாவே நாலு மடங்கு பவர் கூடினதெண்டே வைச்சுக்கொள்ளுவம். மற்றவன்ர றேடியோவில சிக்னல் எவ்வளவு பலமா வருது எண்டு காட்டுற எஸ் மீற்றர் எவ்வளவு ஏறும் தெரியுமே? ஒரே ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கு 6 டெசிபெல், நாலு மடங்கு பவருக்கும் அதே 6 டெசிபெல். கணக்கு முடிஞ்சுது. இதுக்குத்தான் உயிரை விடுறாங்கள்.

அந்தக் கால் வெட்டின ரான்சிஸ்டர் இருக்குதே, அதுதான் குரல் அளவுக்கு மீறி ஏறாமல் பிடிச்சு வைக்கிற சாமான். லிமிற்றர். அதை வெட்டினால் சத்தம் பெருசாக் கேக்கிற மாதிரி இருக்கும். உண்மையில குரல் ஒவ்வொரு தரம் ஏறி இறங்கேக்கையும் சிக்னல் அறுந்து அறுந்து போகும், அறுந்த துண்டுகள் பக்கத்துச் சனல்களுக்குள்ளயும் போய்ச் சிதறும். நான் 19-இல கதைச்சால் 18-இலயும் 20-இலயும் இருக்கிறவனுக்குக் காதில மணல் கொட்டின மாதிரி.

எனக்கு இது எப்ப தெரிஞ்சுது? ஜனவரியில. சாத்தம் (Chatham), தில்பரி எண்ட ஊருகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறன், முன்னுக்கு எங்கட பெடியன் ஒருத்தன். நாங்கள் ரெண்டு பேரும் 14-இல தமிழில கதைச்சுக்கொண்டு போறனாங்கள், 19-ஐப் பொது விசயத்துக்கு விட்டுவிடுவம். திடீரெண்டு வெள்ளை. ஒரு ட்ரெய்லர் குறுக்கால நிக்கிறதைக் கடைசி நேரத்தில கண்டு விலத்திக்கொண்டு வந்திட்டன். உடனே 19-க்கு மாத்தி, பின்னுக்கு வாறவைக்குச் சொல்லுறன்: வலது லேன், பிறேக் போடு, பிறேக் போடு. ரெண்டு தரம் சொன்னன். மூண்டு தரம் சொன்னன். பதில் இல்லை. பிறகு ஒரு கிழட்டுக் குரல் வருது, ஆறுதலா: "ஆரோ ஒருத்தன் மாவரைக்கிறான். உந்தக் குப்பையை நிப்பாட்டு, ஆரேன் ஏதேன் முக்கியமாச் சொல்ல இருக்கும்."

முக்கியமாச் சொன்னதே நான்தானடா!

அண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லை, பின்னுக்கு வந்தவங்கள் ஏற்கனவே மெதுவாத்தான் வந்திருக்கிறாங்கள். ஆனால் அந்தக் கிழவன் சொன்னது ஒரு கிழமையாக் காதுக்குள்ள நிண்டுது.

ரெண்டு கிழமையால றேடியோவும் செத்தது. கேக்கும், போகாது. வாங்கின கடைக்குக் கொண்டு போனன். மேசையில கவிட்டுப் பாத்தான், திருகாணிக்கு மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு. "உள்ளுக்குக் கை வைச்சிருக்கினம், வாறன்ரி இல்லை." ட்யூன் பண்ணின கடைக்குப் போன் எடுத்தால், "உன்ர அன்ரனா பிழையா இருக்கும்."

கோதாரி விழுவான் அதிலமட்டும் உண்மை சொல்லிப்போட்டான்! அதை 60 டொலர் வாங்க முதல் சொல்லியிருக்கலாம் எல்லே? ட்ரக் வாசலிலதான் நிண்டது. அனுப்புற பவர் அன்ரனாவில இருந்து எவ்வளவு திரும்பி வருது எண்டு காட்டுற எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரைக் கொழுவிப் பாக்க ரெண்டு நிமிசம்.

மாமா ஊரில றேடியோ திருத்தினவர். அவர்ர ஸ்காபரோ கராஜிலதான் கழட்டினது. வெட்டின காலைத் திரும்ப ஈயம் வைச்சு ஒட்டினார். பவர் வெளியில விடுற கடைசி ரான்சிஸ்டர் எரிஞ்சு போச்சு, அது சில டொலர் சாமான், மாத்தினார். கண்டபடி திருக்கி விட்டதையெல்லாம் மீற்றர் வைச்சு 4 வாட்டுக்கு இறக்கினார். பிறகு, "இப்ப வா, வருத்தம் எங்கை எண்டு பாப்பம்" எண்டு ட்ரக்கில ஏறினார்.

அந்த மீற்றரால முதல் சனல் 1-இலயும் கடைசிச் சனல் 40-இலயும் அளந்தார். ரெண்டிலயும் முள்ளு சிவப்புக்குள்ள, 3-க்கு மேல. 3 எண்டால் அனுப்புறதில கால்வாசி திரும்பி றேடியோவுக்கே வருது. கடைசி ரான்சிஸ்டர் எரிஞ்சதுக்கு இனி என்ன விளக்கம் வேணும்? பக்கக் கண்ணாடியைத் தாங்கிற கம்பியில அன்ரனாவைப் பூட்டியிருக்கிற இடத்தை மல்ற்றிமீற்றரால தொட்டுப் பாத்தார். ட்ரக்கின்ர இரும்புப் பொடிக்கும் அதுக்கும் தொடர்பே இல்லை. கம்பிக்கும் கதவுக்கும் இடையில பிளாஸ்ரிக், கதவுப் பிணைச்சலில கிறீஸ். இப்பத்தைய ட்ரக்கில பாதி பிளாஸ்ரிக்கும் பைபர்கிளாசும்தானே. சிபி அலையின்ர நீளம் 11 மீற்றர், அதில கால்வாசி எண்டாலே கிட்டத்தட்ட 2.75 மீற்றர். நாங்கள் பூட்டுறது கம்பியைச் சுத்திக் குறுக்கின அன்ரனா, அதுக்குக் கீழ இரும்பு நிலம் இல்லாட்டி அது வெறும் தடி.

பின்னல் செப்புப் பட்டி ஒண்டு, 7 டொலர். அன்ரனா கட்டையில இருந்து ட்ரக்கின்ர அடிச்சட்டத்துக்கு இழுத்து, பெயின்ரைச் சுரண்டி, முறுக்கினார். திரும்ப அளந்தால் 1.8. 40-இல கூட, 1-இல குறைவு. அப்ப அன்ரனா நீளம் கூடிப்போச்சு எண்டு அர்த்தம். நுனித் திருகாணியை ஒரு சுத்து, ரெண்டு சுத்து உள்ளுக்கு விட்டார். 1.3. நான் கையில ரோர்ச்சைப் பிடிச்சுக்கொண்டு குளிருக்குள்ள நிக்கிறன், அந்த முள்ளு இறங்கிறதைப் பாக்கப் பாக்க எனக்குச் சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியேல்லை. நவம்பரிலயே 7 டொலரில முடிஞ்சிருக்க வேண்டிய வேலை!

அண்டைக்கிரவு அதே 4 வாட்டில அஞ்சு மைல் தள்ளி நிண்ட பெடியன் "அண்ணை, பக்கத்து சீற்றில இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு" எண்டான். எனக்கு அவனையும் முந்தியவிட நல்லாக் கேட்டுது. பவரைக் கூட்டினால் வாய்தான் பெருசாகும், காது பெருசாகுமே? வாய் மட்டும் பெருத்த றேடியோவை இஞ்சத்தைய ட்ரக்காரர் முதலை எண்டுதான் சொல்லுறவங்கள்.

இதோடை சேர்த்து இன்னுமொண்டையும் கொட்டிப்போடுறன். எக்கோ! ஆரடா மைக்குக்கு எக்கோ போடச் சொன்னது? "அடுத்த எக்ஸிற் எக்ஸிற் எக்ஸிற்" எண்டு கோயில் லவுட்ஸ்பீக்கர் மாதிரி. நம்பர் விளங்கிறதுக்குள்ள எக்ஸிற்றே போயிடும். கதைச்சு முடிய "பீப்" எண்டு வால் வேற. சூரியனில கரும்புள்ளிகள் கூடின நாளுகளில தெற்கில எங்கயோ இருந்து 6-ஆம் சனலில கிலோவாட் கணக்கில அடிச்சுப் போட்டி போடுற கூட்டம் வேற தலைக்குள்ள வரும், அதை நாங்கள் தடுக்கேலாது. பக்கத்து லேனில போறவனும் அதே வேலை பாத்தால் எங்கை போய்ச் சொல்லுறது? அதிலயும் பகிடி, "றேடியோ இரையுது" எண்டு வாற கனபேருக்கு இரையிறது சிகரெட் லைற்றரில செருகின மலிவு யூஎஸ்பி சார்ஜர். புடுங்கிப் பாக்கமாட்டினம், நேர ட்யூன் கடைக்கு ஓடுவினம்.

போன கிழமை யார்டில அந்த 30 வாட் அண்ணை வந்து, "உன்ரை எத்தனை வாட் அடிக்குது இப்ப?" எண்டார். "4" எண்டன். பாவமாப் பாத்தார். அவர்ர அன்ரனாவை நான் பாத்தன். கம்பியில பிளாஸ்ரிக் ரை ரெண்டு போட்டுக் கட்டியிருக்கு.

மீற்றர் என்ர ட்ரக்கில சீற்றுக்குப் பின்னால கிடக்குது. வேணுமெண்டால் கேளுங்கோ, தாறன், காசு வேண்டாம். ஆனால் அதோட வாற குட்டை வயரையும் சேர்த்துத் திருப்பித் தாங்கோ, ஏற்கனவே ரெண்டு துலைஞ்சிட்டுது.