சூரியன் வந்த பிறகும் கொஞ்ச நேரம் இருங்கள்

போன ஞாயிறு காலை கொழுக்குமலை வியூ பாயிண்டில் நின்றிருந்தேன். சூரியன் மேகத்துக்கு மேலே தலைகாட்டி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் இருந்தவர் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே, "அண்ணா, இவ்வளவுதானே? கிளம்பிடலாமா?" என்று தன் ஜீப் ஓட்டுநரைக் கேட்டார். ஓட்டுநரும் அதற்காகவே காத்திருந்தவர் போல, "போலாம் சார்" என்று சாவியை எடுத்துவிட்டார். அந்த இருவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு வாரமாக மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் சூரியநெல்லிப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அப்பா, அம்மா இருவரும் தோட்டத் தொழிலாளிகள். கல்யாணத்துக்குப் பிறகு போடிக்கு வந்துவிட்டேன். சித்தப்பா இன்னும் மேலேதான் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேலாகக் கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறார்.

அந்த இடம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். ஜீப் போகிற வழி மட்டும் கேரளத்தில், இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியில் தொடங்குகிறது. என் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கண்ணுக்கு எதிரே தெரிகிற மலை அது. ஆனாலும் ஜீப்பில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, சூரியநெல்லி வழியாகச் சுற்றித்தான் திரும்பவும் தமிழ்நாட்டு மண்ணுக்கு வரவேண்டும். 7,000 அடிக்கு மேலே தேயிலை வளர்கிறது. உலகத்திலேயே உயரமான தேயிலைத் தோட்டம் என்று சொல்லித்தான் எல்லோரையும் கூட்டிவருகிறார்கள். விடிகாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியநெல்லியில் ஜீப்புகள் கிளம்பிவிடும். தார் ரோடு முடிந்ததும் வெறும் கல்லும் பள்ளமும்தான்.

சூரியனைப் படம் எடுத்ததும் கிளம்பிவிடுகிற இந்த விஷயத்தை நான் முதலில் உணர்ந்தது இங்கே இல்லை, ஜாவாவில்.

2024 ஆகஸ்டில் கணவருடைய வேலை விஷயமாக இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்துக்குப் போயிருந்தோம். அங்கிருந்து புரோமோ எரிமலைக்கு விடிகாலை ஜீப் பயணம் பதிவு செய்தோம். 2,329 மீட்டர் உயரம், இன்றைக்கும் புகைந்துகொண்டிருக்கிற எரிமலை. செமோரோ லாவாங் என்ற மலைக்கிராமத்திலிருந்து இரவு மூன்று மணிக்கு ஏற்றிக்கொண்டார்கள். வண்டி பழைய டொயோட்டா லேண்ட் க்ரூஸர். அங்கே அதை 'ஹார்டாப்' என்று சொல்கிறார்கள். குளிர் நம்ம மூணாறு ஜனவரி மாதிரி இருந்தது. ஜீப் முதலில் கீழே இறங்கியது. ஹெட்லைட் வெளிச்சத்தில் சுற்றிலும் கருமணல் தவிர ஒன்றுமே தெரியவில்லை. எப்போதோ வெடித்து உள்ளே சரிந்த ஒரு பெரிய எரிமலையின் வயிற்றுக்குள்தான் போய்க்கொண்டிருந்தோம். அந்தப் பள்ளம் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் அகலம். அதற்குள்ளே பிற்பாடு முளைத்த சின்ன மலைகளில் ஒன்றுதான் புரோமோ. இதையெல்லாம் ஓட்டுநர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் முன் சீட்டில் உட்கார்ந்து, கேட்டதால் சொன்னார். பின்னால் இருந்தவர்கள் தூங்கிவிட்டார்கள்.

அங்கே வயதில் மூத்த ஆண்களைப் 'பாக்' என்று கூப்பிடுவார்கள், நாம் ஐயா என்பது போல. எங்கள் ஓட்டுநரையும் அப்படித்தான் கூப்பிட்டோம். பாக் அந்த மலையின் தெங்கர் மக்களில் ஒருவர், ஓரளவு ஆங்கிலம் பேசினார். பெனஞ்சகான் என்ற உச்சியில் எங்களை இறக்கிவிட்டார். அங்கே தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். கிழக்கே வானம் சிவந்ததும் எல்லாக் கையும் போனோடு மேலே போனது. நானும் தூக்கினேன். அப்போது பாக் என் தோளை லேசாகத் தட்டி, வலது பக்கம் கையைக் காட்டினார்.

திரும்பினேன். எரிமலை இருந்தது தெற்கே. பள்ளம் முழுக்க வெண்மேகம் நிரம்பி நின்றது. அதற்கு நடுவே, மடிப்பு மடிப்பாகக் கொசுவம் வைத்த பாவாடை போல பாத்தோக் என்ற அவிந்த மலை. அதற்குப் பின்னால் வாய் திறந்து புகைவிடுகிற புரோமோ. எல்லாவற்றுக்கும் பின்னால் ஜாவாவிலேயே உயரமான செமேரு, 3,676 மீட்டர். முதல் வெயில் அதன் உச்சியில் விழுந்து, மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. செமேரு குபுக்கென்று ஒரு உருண்டைப் புகையைக் கக்கியது. எங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். எரிமலை பார்க்கக் காசு கொடுத்து வந்தவர்கள், எங்கேயும் உதிக்கிற சூரியனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாக் தட்டியிருக்காவிட்டால் நானும் அப்படியேதான் நின்றிருப்பேன்.

கீழே வந்ததும் அவர் சொன்ன கதையை இன்னும் மறக்க முடியவில்லை. ரோரோ அந்தெங், ஜோகோ செகெர் என்று ஒரு தம்பதி. பிள்ளை இல்லாமல் மலையிடம் வேண்டிக்கொண்டார்கள். கடைசிப் பிள்ளையை எனக்குத் தர வேண்டும் என்று நிபந்தனை. இருபத்தைந்து பிள்ளைகள் பிறந்தன. கடைசிப் பிள்ளையைக் கொடுக்க மனசு வரவில்லை, மலை பொங்கிவிட்டது. அந்தக் கடைசிப் பிள்ளையின் நினைவாக இன்றைக்கும் காசாடா மாதப் பௌர்ணமியில் தெங்கர் மக்கள் எரிமலை வாய் வரை ஏறி, காய்கறி, கோழி, ஆடு, காசு என்று உள்ளே போடுகிறார்கள். அவர்கள் இந்துக்கள். எரிமலை அடிவாரத்துக் கருமணலில் அவர்களுடைய கோயில் இருக்கிறது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அம்மா முதல் கொழுந்தைக் கொண்டுபோய் வைப்பது நினைவுக்கு வந்தது. அதை நான் சொன்னதும் பாக் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

2010 கடைசியில் புரோமோ வெடித்து மாதக்கணக்கில் சாம்பல் கொட்டியது, வெங்காயமும் முட்டைக்கோசும் அப்படியே மூடிப்போனது என்றார். 2021 டிசம்பரில் செமேரு சீறியதில் 50 பேருக்கு மேல் செத்துப்போனதைச் சொன்னார். அப்புறம் ஒரு பெரிய புல்வெளியைக் காட்டினார். 2023 செப்டம்பரில், கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வந்தவர்கள் புகைக்குச்சி கொளுத்தியதில் தீப்பிடித்த இடம் அது. கோடைக்காற்றில் தீ மலைமேல் மலையாக ஏறியிருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் அந்த மனிதருக்குத் தெரியும். ஆனால் பயணத் திட்டத்தில் இதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. நான்கு இடம், இடத்துக்கு அரை மணி நேரம், ஒன்பதுக்குள் திரும்ப வேண்டும். மற்ற ஜீப்புகளில் வந்தவர்கள் அழகான படங்களோடு ஊருக்குப் போயிருப்பார்கள். எங்கே நின்றோம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அந்தக் கேள்வியோடுதான் ஊர் திரும்பினேன். சித்தப்பா ஜீப்பில் நான் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அவரும் அப்படித்தான் ஓட்டுகிறார் என்பது பாக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இருட்டில் ஏற்றுகிறார், வியூ பாயிண்டில் விடுகிறார், சிங்கப்பாறையில் ஒரு போட்டோ, தேயிலை ஃபேக்டரியில் ஒரு டீ, எட்டு மணிக்கெல்லாம் இறக்கம். ஏன் இந்த ஓட்டம் என்றால், கீழே வந்ததும் இரண்டாவது ட்ரிப் கிடைக்கலாம். அது கிடைத்தால்தான் டீசல், டயர், ஸ்ப்ரிங் பிளேட் செலவெல்லாம் போக வீட்டுக்கு ஏதாவது மிஞ்சும். அந்தப் பாதையில் ஒரு ஜீப் என்ன பாடுபடும் என்பது ஏறியவர்களுக்குத் தெரியும்.

போன ஞாயிறு சித்தப்பா ஜீப்பில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று வந்தது. நான் முன்னால் ஒட்டிக்கொண்டேன். சூரியன் வந்தது, அவர்களும் படம் எடுத்தார்கள், எடுத்து முடித்ததும் ஜீப்பைப் பார்த்துத் திரும்பினார்கள். நான் தயங்கித் தயங்கி, "ஒரு அரை மணி நேரம் இருக்கலாமா? சித்தப்பாவுக்கு இந்த மலையில் எல்லாம் தெரியும்" என்றேன். அந்தக் குடும்பத்து அம்மா, "அவசரம் ஒண்ணுமில்லையே, இருப்போம்" என்று பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

சித்தப்பாவுக்கு முதலில் பேச்சே வரவில்லை. ஜீப் கண்ணாடியைத் துடைக்கிற ஈரத்துணியைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றார். "அங்க தெரியுது பாருங்க, அதுதான் போடி. எங்க அய்யா அங்கிருந்துதான் வந்தார்" என்று தொடங்கினார். பிறகு குனிந்து, புழுதியில் விரலால் ஒரு கோடு இழுத்தார். குரங்கணியிலிருந்து மலையேறும் ஒற்றையடிப் பாதை. அதில்தான் தாத்தா தலையில் அரிசி மூட்டையோடு ஏறி வந்தார். இன்னொரு கோடு டாப் ஸ்டேஷன். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் சின்ன ரயிலில் அங்கே வந்து, ரோப்வேயில் தொங்கியபடி கோட்டகுடிப் பக்கம் இறங்கி, போடிக்குப் போனது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. கோயம்புத்தூர்க் குடும்பத்தின் பெண்குழந்தை, பத்து வயது இருக்கும், அந்தக் கோடுகளின் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு அது விடியல். எங்களுக்கோ அந்தக் கிழக்குத் திசை தாத்தா பாட்டி விட்டுவிட்டு வந்த ஊர். மலையாள நாட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டே, வெயில் வருகிற பக்கம் நம்ம ஊர் என்று காட்டிக் காட்டித்தான் எங்களை வளர்த்தார்கள். இதை எந்த விளம்பரத்திலும் நீங்கள் படிக்க முடியாது.

அப்புறம் சித்தப்பா 2018ஐப் பற்றிச் சொன்னார். மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், எல்லாம் இளம் வயசு. அன்றைக்கு மேலிருந்து அந்தப் புகையைப் பார்த்தவர் அவர். "முதல்ல ஓடிப்போய்த் தூக்குனது ஊர்க்காரங்கதான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து கீழே அந்தச் சரிவு தெரிகிறது. அதே வருடம்தான் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சி இந்த மலையில் பூத்தது. அடுத்தது 2030.

பாக் காட்டிய புல்லும் இந்தப் புல்லும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தது. நம்ம மலை எரிமலை இல்லை, பழம்பாறை. ஆனால் காய்ந்த புல்லுக்கு அதெல்லாம் கணக்கில்லை. வியூ பாயிண்டில் சிகரெட் பிடிக்கிறவரிடம் ஒரு ஓட்டுநர், "சார், இங்க வேணாம்" என்று சொன்னால் அவரை யாரும் மதிப்பதில்லை. வண்டி ஓட்டுகிறவர்தானே என்று நினைக்கிறார்கள். இங்கே என்ன நடந்தது என்று அதே ஓட்டுநர் பத்து நிமிடம் பேசக் கேட்டவர் யாரும் அந்தச் சரிவில் தீக்குச்சி உரசமாட்டார். இது என் உறுதியான நம்பிக்கை.

அதனால் நான் கேட்பது இதுதான். விடியல் ட்ரிப் எடுக்கிற ஜீப்புக்குக் காலையில் அந்த ஒரே ட்ரிப் போதும் என்கிற அளவுக்கு வாடகை இருக்க வேண்டும். ஏற்றி இறக்குவதற்கு மட்டும் இல்லாமல், கூட நின்று மலையைக் காட்டுவதற்கும் சேர்த்து ஓட்டுநருக்குப் பணம் வர வேண்டும். ஏற்கெனவே செலவு அதிகம் என்று சிலர் சொல்லலாம், அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காசை ஆறு பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு அப்படியொன்றும் பெரிதாக வராது. வண்டிகளின் எண்ணிக்கையும் குறையட்டும். நான்கு மணிக்கு வரிசையாக ஜீப்புகள் உறுமிக்கொண்டு போகும்போது, பகல் முழுக்கக் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் லயத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். என் அம்மா அப்படிப் பாதித் தூக்கத்தில் எழுந்தவர்.

அன்றைக்கு நாங்கள் மேலிருந்து இறங்கும்போது ஒன்பதரை. ஃபேக்டரியில் சித்தப்பா உலர்ந்த தேயிலையை ஒரு சிட்டிகை எடுத்து, அந்தப் பெண்குழந்தையின் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொல்லி, மோந்து பார்க்க வைத்தார். சூரியநெல்லி ஸ்டாண்டில் இரண்டாவது ட்ரிப்புக்கு ஆள் யாரும் மிஞ்சவில்லை. குழந்தையின் அப்பா விஷயத்தைப் புரிந்துகொண்டு, அந்த ட்ரிப்பின் காசையும் சேர்த்துக் கொடுத்தார். சித்தப்பா வாங்கத் தயங்கினார். நான்தான் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

"பேசுனதுக்குக் காசு கேட்க எப்படிம்மா, கூச்சமா இருக்காதா?" என்று இரவு போனில் கேட்டார். வரும் சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு குழு வருகிறதாம். ஒரே ட்ரிப், ஒன்பதுக்கு மேல்தான் இறக்கம், வாடகை இவ்வளவு என்று முன்னாடியே சொல்லிவிடச் சொல்லியிருக்கிறேன். "சரிம்மா, சொல்லிப் பாக்குறேன்" என்றிருக்கிறார்.