கண் கேட்டவருக்குக் கோல் கொடுத்த இறைவன்

துன்பத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள், ‘எல்லாம் அவன் செயல், மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு வருவது வழக்கம். என் தந்தை பக்கவாதத்தால் படுத்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் இதைப் பலரும் சொன்னார்கள். அவர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இறைவனைச் சரணடைந்தவர் அழவோ முறையிடவோ கூடாது என்ற எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நம் பக்தி மரபு அப்படிச் சொல்லவும் இல்லை.

திருவொற்றியூர் மகிழ மரத்தடியில், பிரியமாட்டேன் என்று, தாம் மணக்கவிருந்த சங்கிலியாருக்குச் சூளுரைத்த நாயன்மார் சுந்தரர், திருவாரூரின் வசந்த விழாவை நினைத்து ஏங்கி, அந்தச் சூளை மீறி ஊரெல்லையைக் கடந்தபோது இரு கண்களின் பார்வையையும் இழந்தார் என்கிறது பெரியபுராணம். தவறு அவருடையதுதான். ஆயினும் அவர் வாய்மூடி இருக்கவில்லை. திருவெண்பாக்கத்தை அடைந்து, ‘கோயிலில் இருக்கிறீரா?’ என்று இறைவனையே கேட்டார். யாரோ அயலாருக்குச் சொல்வதுபோல, ‘உளோம் போகீர்’ (இருக்கிறோம், நீர் போம்) என்று பதில் வந்தது. கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல்தான் கிடைத்தது.

அந்தத் தலம் இன்று, சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரிக்கரையில் இருக்கிறது. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கத்துக்குள் பழைய இடம் போய்விட்டதால் கோயிலைக் கரைக்கு மாற்றினார்கள். கோபத்தில் சுந்தரர் கோலை வீசியெறிந்ததால் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்கிறது தலவரலாறு. (இறைவனின் நண்பர், தம்பிரான் தோழர் என்று அவரைச் சும்மாவா சொன்னார்கள்!)

நம்புகிறவருக்குக் கிடைக்கும் பெரிய ஆறுதல் இந்த உரிமைதான் என்பது என் கருத்து. கடன் கொடுத்த உறவினரிடம் கோபப்பட முடியாது, அலுவலக மேலாளரிடம் முடியாது, படுத்திருக்கும் தந்தையிடம் முடியவே முடியாது. அத்தனையையும் தாங்கிக்கொள்ளும் ஒருவனிடம் அதைக் கொட்டித் தீர்த்த பிறகு மனத்தில் மிஞ்சுவதை மகிழ்ச்சி என்றே சொல்வேன். நாக்குக் குழற முருகனை வாய்க்கு வந்தபடி வைதுவிட்டு, அன்றிரவு என் தந்தை இன்னொரு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நோய் அப்படியேதான் இருந்தது.

காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் கிடைத்ததையே சொற்பொழிவாளர்கள் விரித்துப் பேசுகிறார்கள். எனக்கோ, அதற்கு முன், பார்வையே இல்லாத நிலையில் திருவாலங்காட்டிலும் நின்று அவர் பாடியதுதான் பெரிதாகப் படுகிறது. ஆரூரில் ஒற்றைக் கண்ணோடு நின்று, ‘வாழ்ந்து போதீரே’ என்று இறைவனை ஏசியதும் அவர் பாடல்களின் தொகுப்பான ஏழாம் திருமுறையில் இருக்கிறது. ஓதுவார்கள் அந்த ஏச்சையும் சன்னிதியில் நின்றே ஓதுகிறார்கள்.