ஊட்டியில் பைக் திணறுவதற்குக் குளிர் காரணமா?

“குளிரில் என்ஜினின் சக்தி குறையும், ஊட்டிக்குப் போனால் காலையில் பத்து நிமிடம் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிச் சூடாக்கிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 30 டிகிரியில் இருப்பதைவிட 5 டிகிரியில், அதே அழுத்தத்தில், சுமார் 9 சதவீதம் கூடுதல் ஆக்சிஜன் என்ஜினுக்குக் கிடைக்கும். அதாவது குளிர் சக்தியைக் கூட்டவே செய்யும். ஊட்டியில் வண்டி இழுக்காததற்குக் காரணம் உயரம். ஏறத்தாழ 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அதனால் என்ஜினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. பாவம், பழி மட்டும் குளிருக்கு!

காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பது வேறு விஷயம். அது குளிரின் வேலைதான். பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆயில் கெட்டிப்படும், பேட்டரி சோர்ந்துவிடும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிக்குச் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் அமைப்பு) தேவைப்படுவது இதனால்தான். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலும் சென்சார் வெப்பநிலையை அறிந்து, பெட்ரோல் அளவு தானாகவே கூட்டப்படுகிறது.

நின்ற இடத்தில் பத்து நிமிடம் உறுமவிட்டால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பிளக்கில் கரி படியும். பக்கத்து அறைக்காரரின் தூக்கமும் கெடும். அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் போதும். பிறகு முதல் இரண்டு, மூன்று கிலோமீட்டரை முறுக்காமல் ஓட்டுங்கள்.