அதியமான் அந்த நெல்லிக்கனியைக் கடிக்கவே இல்லை

போன வாரம் தருமபுரியில் எங்கள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். முதல்நாள் ராத்திரி ரிசப்ஷன் மேடையைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தெர்மாகோலில் கோட்டை மதில், பின்னால் மலை, ஓரத்தில் நிஜமான நெல்லிக் கிளை, மேலே பெரிய எழுத்தில் 'தகடூர்', அதியமான் ஆண்ட நம்ம தருமபுரியின் பழைய பெயர். நம்ம ஊர்க் கதையை மேடை ஏற்றிவிட்டாயே என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளைக்குக் கிரீடம் வைத்தார்கள். அவர் அதியமானாம். பெண் ஔவையாராம். போட்டோ எடுக்கிற தம்பி மாப்பிள்ளை கையில் பெருநெல்லி ஒன்றைக் கொடுத்து, "அண்ணா, நீங்க பாதி கடிங்க, மீதிய அண்ணிக்கு ஊட்டி விடுங்க" என்றார். மாப்பிள்ளை கடித்தார். துவர்ப்பில் முகம் சுருங்கியது. மீதியைப் பெண் வாங்கிக்கொண்டாள். கூட்டம் கை தட்டியது. எனக்கு நெஞ்சை அடைத்தது.

அதியமான் அதைக் கடிக்கவில்லையே! கதையின் உயிரே அதுதானே!

புறநானூறு 91ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். ஏற முடியாத மலைப்பிளவில் காய்த்த கனி அது. தின்றால் நீண்ட நாள் வாழலாம். அந்தப் பலனை வெளியே சொல்லாமல், 'ஆதல் நின்னகத்து அடக்கி', அதாவது தன் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, முழுக் கனியையும் ஔவைக்குக் கொடுத்துவிட்டான். 'சாதல் நீங்க எமக்கீந்தனையே' என்று அவள் உருகுகிறாள். சொல்லிக் கொடுத்திருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். பாதி தின்றுவிட்டு ஊட்டினால் அதில் ஈகை எங்கே இருக்கிறது?

திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981ல் பழைய தமிழ் எழுத்தான தமிழ்ப் பிராமியில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்று ஒரே வரி. ஸதியபுதோ என்பது அவன் மரபின் பட்டப்பெயர், பாளி என்றால் குகைப் படுக்கை; அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த படுக்கை என்று பொருள். பாட்டிலும் 'ஈந்தனை', கல்லிலும் 'ஈத்த'. அந்த மனுஷனைப் பற்றி இரண்டும் சொல்லி வைத்தது, அவன் கொடுத்தான் என்பதைத்தான்.

அடுத்தது, ஜோடி சேர்த்தது. "சங்க கால ஔவை கிழவி கிடையாது சார், இளம் வயசுதான்" என்றார் அலங்காரம் செய்தவர். அவர் சொன்னது சரி. கோலூன்றிய பாட்டி பிற்கால ஔவை. சங்க ஔவையை மைதீட்டிய கண்ணுடைய விறலி, அதாவது ஆடிப் பாடும் பெண், என்றே 89ஆம் பாட்டு காட்டுகிறது. ஆனால் இளம் பெண்ணாக இருந்தால் காதலியாகத்தான் இருக்க வேண்டுமா? அதியமான் சார்பில் காஞ்சி அரசன் தொண்டைமானிடம் தூது போனவள் அவள். அங்கே எண்ணெய் பூசி, மயில்பீலி சூட்டி வைத்திருந்த ஆயுதங்களைப் பார்த்துவிட்டு, எங்கள் அதியமானின் வேல்கள் எல்லாம் போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்னவள். 92ஆம் பாட்டில் இன்னும் தெளிவாகவே சொல்கிறாள்: குழந்தையின் மழலைக்குப் பொருள் கிடையாது, தாளமும் கிடையாது, ஆனாலும் தகப்பனுக்கு அது இனிக்கும், என் சொல்லும் உனக்கு அப்படித்தான் என்று. தன்னைப் பிள்ளையாகவும் அவனைத் தகப்பனாகவும் வைத்துப் பாடியவளுக்கு நாம் மாலை மாற்றி வைக்கிறோம். ஒரு அரசனும் ஒரு பெண்புலவரும் இவ்வளவு உரிமையோடு சேர்ந்து உண்டு, பேசி, கோபித்துப் பழகிய நட்பு நம்ம மண்ணில் இருந்திருக்கிறது. பொம்பளப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டிய கதை அது. அதைப் போய் அழிக்கிறோம்.

ஓசூரில் ஒரு கல்யாணத்தில் சகுந்தலை, துஷ்யந்தன் மோதிரம் மாற்றுகிற மாதிரி நுழைவாயில் வைத்திருந்தார்கள். அந்த மோதிரம் தொலைந்துதான் அவளை அவன் யாரென்று கேட்டான். கல்யாண வாசலுக்கு அது எதற்கு?

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சித்தப்பா, நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றாள் அண்ணன் மகள். சொல்லாதது என் தப்புதான்.

ஔவையும் அதியமானும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு 101ஆம் பாட்டு இருக்கிறது.

'ஒருநாள் செல்லலம் இருநாள் செல்லலம்
பன்னாள் பயின்று பலரொடு செல்லினும்
தலைநாள் போன்ற விருப்பினன் மாதோ.'

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பல நாள், பல பேரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல் நாள் போலவே முகம் மலர்ந்து வரவேற்பான். சொந்தபந்தம் மூன்று நாள் தங்கிச் சாப்பிடுகிற வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சின்னவளுக்கு ஆவணியில் கல்யாணம். இந்த மூன்று வரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் இரண்டு தரம் சத்தமாகப் படித்துவிட்டு, "வாசல்ல வைக்கவா, பந்தி நடக்கிற எடத்துலயா?" என்று கேட்டார். பந்தியில் வைக்கச் சொன்னேன்.