ஐலசாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பதிவு செய்யாதீர்கள்

தொழிலாளர் பாட்டு என்றாலே நம்மில் பலருக்கு மே தின மேடையும் சிவப்புத் துண்டும்தான் ஞாபகம் வரும். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கல்லுடைக்கிறவர்களும் மண்டியில் மூட்டை சுமக்கிறவர்களும் பாடியது வேறு வகை. அதை உளி, சம்மட்டி, கடப்பாரையோடு சேர்த்து ஒரு சாமானாகத்தான் எண்ண வேண்டும். பாட்டைச் சேகரிக்கிறவர்கள் அதை வேலையிலிருந்து பிரித்தெடுத்து, வயதான ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, "பாடுங்க ஐயா" என்கிறார்கள். வார்த்தை கிடைக்கும். அந்த வார்த்தை எதற்கு என்பது கிடைக்காது.

கையால் தமர் போடுவதை, அதாவது பாறையில் குழி துளைப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குந்தி உட்கார்ந்து இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். எதிரே இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டி போடுவார்கள். ஒவ்வொரு அடிக்கும் நடுவே பிடிக்கிறவர் கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் குழி வட்டமாக இறங்காமல் மூலை விழும், கம்பி இறுகிக்கொள்ளும், அப்புறம் பிடுங்க முடியாது. திருப்புகிற கைக்குக் கிடைப்பது ஒரு கணம். அந்தக் கணம் எப்போது வரும் என்று அவருக்குச் சொல்வது பாட்டுதான். கண்ணால் சம்மட்டியைப் பார்த்துக் கையைத் திருப்ப முடியாது, காதால்தான் முடியும். தாளம் பிசகினால் போவது பிடித்தவரின் கை. குழிக்குள் தண்ணீர் விட்டு, கம்பியைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வார்கள். தூள் சேறாகிவிடும், மேலே தெறிக்காது, மூக்குக்கும் ஏறாது.

கல்லைப் பிளக்க ஆப்பு அடிப்பதில் பாட்டு அடங்கிவிடும், ஏனென்றால் அங்கே கல் பேச வேண்டும். கல்லின் ஓட்டம் பார்த்துக் கோடு போட்டு, நாலைந்து அங்குலத்துக்கு ஒன்றாகக் குழி வெட்டுவார்கள். ஆப்பின் முனை குழியின் அடியைத் தொடக்கூடாது. தொட்டால் விசை பக்கவாட்டில் போகாமல் கீழே இறங்கும், ஆப்பு எகிறி முகத்துக்கு வரும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, ஆப்புக்கு ஒன்றிரண்டு அடி, திரும்பவும் முதலிலிருந்து. அவசரக்காரர் ஒரே ஆப்பில் நாலு அடி கூட வைத்தால், கோட்டை விட்டு விலகிப் பிளந்துவிடும். ஆப்பு இறுக இறுகச் சத்தம் கணீரென்று ஏறும். பிறகு ஒரு நேரம் பொத்தென்று மாறும். அத்தோடு சம்மட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். விரிசல் உள்ளே தானாகப் போய்க்கொண்டிருக்கும், அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் இருக்கிற கல்திட்டைகளின், அதாவது பெருங்கற்கால ஈமச்சின்னங்களின், பலகைக்கற்களைப் பாருங்கள். அந்த ஊர்களில் கல்லைப் பலகையாக எடுக்கும் அறிவு எவ்வளவு பழையது என்று தெரியும்.

பிளந்த கல்லை நகர்த்தும்போதுதான் நாமெல்லாம் கேட்ட ஏலேலோ ஐலசா. 'ஏலேலோ' என்பது கடப்பாரையைச் செருகி, கால் ஊன்றி, மூச்சு இழுக்கிற நேரம். 'ஐலசா'வில் எல்லார் பாரமும் ஒன்றாக இறங்கும். கல் விரற்கடை அளவு எழும்பும், காத்திருக்கிறவர் உடனே தக்கைக்கல்லைச் சொருகுவார். ஐந்து பேர் ஐந்து நேரத்தில் அழுத்தினால் அது ஐந்து பேர் பலம் ஆகாது. கடைசியாக அழுத்துகிற ஒருவர் தலையில்தான் மொத்தச் சுமையும் விழும். முன்னடி பாடுகிறவர் மேஸ்திரியைக் கிண்டல் செய்வார், சாப்பாட்டைத் திட்டுவார். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார், கன்னடமும் நுழையும். எல்லைப்பக்க மாவட்டத்தில் அது சகஜம். வார்த்தை எதுவானாலும் அழுத்தம் விழும் இடம் மாறாது.

மண்டியில் கதை வேறு. லாரிக்கும் கிடங்குக்கும் நடுவே போட்ட பலகை, நடக்கும்போது வில் மாதிரி அசையும். முன்னால் போகிறவர் இறங்குவதற்குள் பின்னால் வருகிறவர் ஏறினால் இரண்டு பேருக்கும் முழங்கால் தள்ளாடும். சாக்கு மூட்டைக்குக் கொக்கி போடலாம். பிளாஸ்டிக் பையில் போட்டால் கிழியும், காதைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். அட்டி போடும்போது, அதாவது மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, ஒரு வரிசை நீளவாக்கு, மேல்வரிசை குறுக்குவாக்கு. தையல் வாய் உள்பக்கம் இருக்க வேண்டும். வெளியே இருந்து பிரிந்தால் அட்டி அந்தப் பக்கம் சாயும். எண்ணிக்கை சத்தமாகத்தான். ஒன்று என்று தொடங்காமல் 'லாபம்' என்று தொடங்குகிற பழக்கத்தை நெல் அளந்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். அது மங்கலத்துக்கு. ஆனால் உரக்கச் சொல்வது கணக்குக்கு: மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கும்போது, இரண்டு தரப்பும் காதால் கேட்ட எண்ணிக்கையை யாரும் பிறகு குறைத்து எழுத முடியாது.

தொழிற்சங்கம் முளைத்த இடம் இதுதான் என்பது என் எண்ணம். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, ஆள் உயரத்துக்கு மேல் அட்டி போனால் கூடுதல், நடை தூரம் அதிகமானால் கூடுதல் என்று பேரம் பேசத் தெரிய வேண்டுமென்றால், எந்த வேலை உடம்பை எவ்வளவு வாங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். 1982-இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு ஆள் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நூறு கிலோ மூட்டையைத் தூக்கிய முதுகுக்கு அது முன்பே தெரியும். ஊர்வலக் கோஷத்தைக் கவனியுங்கள்: ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஒரே மூச்சில் முடிக்கிறார்கள். கடப்பாரையில் பழகிய தொண்டைகளுக்கு இது புதிதாகவா இருந்திருக்கும்?

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. பாடிய குவாரிகளிலேயே முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்களும் இருந்தன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தபிறகும் அது சட்டென்று நின்றுவிடவில்லை. கம்பரசர் என்கிற காற்றழுத்தத் துளைப்பொறி வந்ததும் தமர் போடும் பாடு குறைந்தது, நல்லதுதான். ஆனால் அந்த இரைச்சலில் பாட்டு போயிற்று. தண்ணீர் விடாமல் உலரத் துளைத்ததில் வெள்ளைத்தூள் நுரையீரலுக்குப் போயிற்று. அந்தத் தூளால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் இழப்பீடு பெறத்தக்க தொழில்நோய். அதை நிரூபிக்க எக்ஸ்ரே எடுத்து, வேலை செய்த வருடங்களைக் காட்டி அலைவதற்குள் ஆள் பாதியாகிவிடுவார். துளைக்கிற இடத்தில் தண்ணீர் என்பதைச் சங்கங்கள் கூலிக்கு அடுத்த கோரிக்கையாக வைக்க வேண்டும். கைத்தமர்க்காரர்கள் ஒரு துணியையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் வைத்து முடித்த காரியம் அது.

பதிவு செய்யப் போகிறவர்கள் பாட்டோடு இவற்றையும் எழுதுங்கள்: எத்தனை பேர், என்ன எடை, எவ்வளவு தூரம், எந்த அசையில் விசை விழுகிறது, எங்கே மூச்சு. முடிந்தால் நாலு பேரைச் சேர்த்துக் கையில் கடப்பாரையைக் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள். நிறுத்தும் சொல் என்ன என்றும் மறக்காமல் கேளுங்கள். கல் வழுக்கினால் முன்னடிக்காரர் தாளத்தை அறுத்து ஒரு சொல் கத்துவார். அந்தச் சொல்லில் அத்தனை பேரும் அப்படியே நிற்பார்கள், கடப்பாரையை விடவும் மாட்டார்கள், அழுத்தவும் மாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறவருக்கு அந்தச் சொல் வாயில் வரவே வராது.