வெட்டுக்கு முன்னாடி கரும்புக்கு மருந்து அடிக்கலாமா?

ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர்றதுக்கு முன்னாடி களைக்கொல்லி அடிச்சா சோகை (கரும்புத் தோகை) காஞ்சிரும், ஆளுக சுளுவா வெட்டிருவாங்க, சர்க்கரையும் ஏறும்னு ஒரு பேச்சு சுத்துதுங்க. ரெண்டு வேற சங்கதியை ஒண்ணாப் போட்டுக் கொழப்பிட்டாங்க.

பாராகுவாட்ங்கற களைக்கொல்லி, பட்ட எலையை மட்டும் கருக்கும். சர்க்கரை செய்யறதே பச்சை எலைதான், அதைக் கருக்கிட்டா எங்கிருந்து ஏறும்? கிளைபோசேட்ங்கற களைக்கொல்லி வேற. கொறைஞ்ச அளவுல அடிச்சா நுனி வளர்ச்சி நின்னு, சர்க்கரை தண்டுலயே தங்கும். அமெரிக்காவுல லூசியானாவுல விமானத்துல தெளிச்சு, நாலஞ்சு வாரம் கழிச்சு வெட்டறாங்க. அங்க உறைபனி வர்றதுக்குள்ள வெட்டியாகணும், கரும்பு முத்த நாள் பத்தாது. காசும் சர்க்கரைக் கணக்குல வருது.

நமக்கு எடைக்குத்தான் காசு. 2025-26க்கு மத்திய அரசு விலை டன்னுக்கு 3,550 ரூபாய், அது 10.25 சதம் பிழிதிறனுக்கு, அதாவது நூறு கிலோ கரும்புல பத்தேகால் கிலோ சர்க்கரை கெடைச்சா. 9.5க்குக் கீழ போனா 3,290 ரூபா 50 காசு. அந்தப் பிழிதிறனும் மொத்த ஆலையோட சராசரி. உங்க காடு இனிச்சாலும் உங்களுக்குத் தனியா சல்லி ஏறாது, காஞ்ச எடை மட்டும் உங்க கணக்குல கழியும்.

கிளைபோசேட் கட்டை வரைக்கும் எறங்கும், வெட்டுன கட்டையிலிருந்து தழைக்கற மறுதாம்பு சன்னமா மொளைக்கும். 2022 அக்டோபர் உத்தரவுப்படி அதை நாமளே அடிக்கவும் கூடாதுங்க. பத்தடிக் கரும்புக்குள்ள கைத்தெளிப்பானைத் தூக்கிப் புடிச்சா மருந்து கம்பி வழியா முழங்கைக்கு ஒழுகி, சட்டைக் காலருக்குள்ள எறங்கும். பாராகுவாட்டுக்கு முறிவு மருந்தே கெடையாது. மருந்து அடிச்ச கொழுந்தாடையை (கரும்பு நுனித் தழையை) மாட்டுக்கும் போட முடியாது. காத்து திரும்புனா பக்கத்து மஞ்சக்காடும் கருகும், அப்பறம் பஞ்சாயத்துதான்.

சோகை தொந்தரவுன்னா அஞ்சாம் மாசமும் ஏழாம் மாசமும் உரிச்சு, ரெண்டு பாருக்கு (கரும்பு வரிசைக்கு) நடுவுல போடுங்க. தழைச்சத்தைத் தொண்ணூறு நாளோட நிறுத்துங்க. அதுக்கு மேல யூரியா வெச்சா நுனி வளர்ந்துட்டே இருக்கும், சாறு சப்புன்னு போயிரும். வெட்டுக்கு முன்னாடி செம்மண்ணுல பத்து நாள், கரிசல்னா பதினஞ்சு நாள் தண்ணி பாய்ச்சாம நிறுத்துங்க.

சாறோட இனிப்பை அளக்கற பிரிக்ஸ் மீட்டர்ல பாக்கறப்ப வரப்போரக் கரும்பை விடுங்க, அது எப்பவும் கூடத்தான் காட்டும். உள்ள பத்துப் பதினஞ்சு எடத்துல அடியிலயும் நுனியிலயும் ஒவ்வொரு சொட்டு எடுங்க. ரெண்டும் ஏறக்கொறைய ஒண்ணா, பதினெட்டுக்கு மேல நின்னா முத்திருச்சு. அடி இருபது, நுனி பதிமூணுன்னா இன்னும் பொறுக்கணும். மீட்டரை வெயில்ல வெச்சிராதீங்க, சூடானா கொறைச்சுக் காட்டும்.

வெட்டறப்ப மண்ணோட ஒட்டி வெட்டச் சொல்லுங்க. ரெண்டு விரக்கடை மேல விட்டா, இனிப்பும் எடையும் அங்கயே நின்னுரும்.